ஓட்ஸிலிருந்து சருமப் பராமரிப்புக்கான மூலப்பொருள்களை வீட்டிலேயே தயாரித்தல்: முழுமையான வழிகாட்டி

ஓட்ஸைக் கொண்டு சருமத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருபவர்களில் பெரும்பாலோர் ஓட்ஸ் பாலில்தான் தொடங்குகிறார்கள். அது எளிதாகத் தெரிகிறது. ஆனால் வேலூர் வெயிலில் முதலில் கெட்டுப்போவதும் அதுவே. காட்பாடியில் என் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில், வரிசையை மாற்றிக்கொள்வதே பாதிச் சிக்கலைத் தீர்க்கும் என்று உறுதியாகச் சொல்வேன். முதலில் உலர்ந்த மாவைச் சரியாகச் செய்யப் பழகவேண்டும். மற்றவை எல்லாம் அந்த மாவைக் கையாளத் தெரிந்த பிறகு வரவேண்டியவை.

1. தொடங்கும் முன் சேகரிக்க வேண்டியவை

ரோல்டு ஓட்ஸ் (அவல்போலத் தட்டையாக்கியது) 200 கிராம் போதும். பொட்டலத்தின் பின்புறம் உட்பொருள் பட்டியலில் ஓட்ஸ் என்ற ஒன்று மட்டுமே இருக்கவேண்டும். இன்ஸ்டன்ட் ஓட்ஸும் உதவும். ஆனால் சிலவற்றில் உப்போ சர்க்கரையோ கலந்திருப்பதால் பட்டியலைப் படிக்காமல் எடுக்கக் கூடாது. மசாலா ஓட்ஸை அறவே தவிர்க்கவேண்டும். துண்டுகளாக நறுக்கிய ஸ்டீல் கட் ஓட்ஸ் நல்ல தானியம்தான் என்றாலும், வீட்டு மிக்ஸியில் அது வேண்டிய அளவுக்கு நைஸாக அரைபடுவதில்லை.

மற்ற தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் அதிலேயே இருக்கிறது. ஆலையில் ஓட்ஸை நீராவியில் வேகவைத்து உலர்த்துவது அந்த நொதியைச் செயலிழக்கச் செய்வதற்காகத்தான். எனவே வேகவைக்காத பச்சைத் தானியம் எங்காவது கிடைத்தாலும், அதை வாங்கி அரைத்தால் மாவு விரைவில் கசந்து சிக்கு நாற்றம் அடிக்கும்.

இவற்றோடு மிக்ஸியின் சிறிய ஜார், மாவு சலிக்கும் சல்லடை, ஒரு கிராம் வரை காட்டும் எடைத்தராசு, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டில்கள், ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டு ஆகியவை வேண்டும். வேட்டித் துண்டு கஞ்சியும் நீலமும் போடாததாக இருக்கவேண்டும்; கஞ்சி போட்ட துணியில் இழைகளுக்கு இடையே உள்ள கண்கள் அடைபட்டிருக்கும். துணியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, நன்றாகக் காயவைத்த பிறகே பயன்படுத்தவேண்டும்.

ஜாரைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்லவேண்டும். மிளகாய்த்தூள் அரைத்த ஜாரை எத்தனை முறை கழுவினாலும், மூடியின் ரப்பர் வாஷரிலும் பிளேடின் அடியிலும் காரம் தங்கிவிடும். என்னிடம் பழக வந்த ஒரு பெண் அப்படிப்பட்ட ஜாரில் அரைத்த மாவை முகத்தில் பூசிக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் ஓட்ஸ் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தார். முடிந்தால் இதற்கென்று தனி ஜார் வைத்துக்கொள்ளுங்கள்.

2. தண்ணீரைத் தேர்ந்தெடுத்தல்

நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் உப்பாகவே இருக்கிறது. அதைக் காய்ச்சினால் பெரும்பாலான கிருமிகள் சாகும், உப்பு போகாது. வறண்ட சருமத்தில் பூசப்போகும் பொருளுக்கு அந்த நீர் உகந்ததன்று. சுத்திகரித்த குடிநீரை எடுத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியபடியே ஆறவைத்துக்கொள்ளவேண்டும். கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைப்பதைத் தவிர்க்க வேண்டாம், ஏனெனில் திறந்து சில நாள்கள் ஆன கேனில் என்ன வளர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

3. ஓட்ஸை உலரவைத்தல்

சித்திரை, வைகாசியில் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்ஸ் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், பிறகு துணியில் சலிக்கும்போது மாவு ஒட்டிக்கொண்டு இறங்காது. அப்போது அடிகனமான வாணலியில் மிகச் சிறிய தீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் இறக்கிவிடவேண்டும்.

ரவை வறுப்பதுபோல வாசனை வரும்வரை வறுப்பது புதியவர்கள் செய்யும் பிழை. நிறம் மாறக் கூடாது. மொட்டைமாடியில் வெயிலில் பரப்புவதும் வேண்டாம். நேர் வெயிலும் வெளிச்சமும் ஓட்ஸின் கொழுப்பைச் சிக்கடிக்கச் செய்யும், தெருத் தூசியும் படியும். புரட்டிய ஓட்ஸ் முழுவதும் ஆறிய பிறகே ஜாருக்குள் போகவேண்டும். சூட்டோடு அரைத்தால் மூடியில் ஆவி வேர்த்து, மாவு கட்டி தட்டிவிடும்.

4. அரைத்தல்

ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பதினைந்து விநாடி ஓடவிட்டு நிறுத்தி, மூடியைத் திறந்து, ஓரங்களில் ஒட்டியதைக் கரண்டியால் தள்ளிவிட்டு மீண்டும் ஓட்டவேண்டும். தொடர்ந்து ஓட்டினால் பிளேடின் உராய்வில் மாவு சூடேறி, அதன் கொழுப்பு இளகி, மாவு ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். ஐந்தாறு சுற்றில் விரலிடையே தேய்த்தால் நறநறப்பு பெருமளவு குறைந்திருக்கும். ஜார் கையில் சூடாகத் தெரிந்தால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

5. வஸ்திரகாயம் செய்தல்

சூரணம் செய்யும் சித்த மருத்துவர்கள் துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்பார்கள். இந்த வேலை முழுவதும் உண்மையில் இந்தப் படியில்தான் நிற்கிறது. அவசரப்படுபவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

சருமத்துக்கான ஓட்ஸ் மாவின் பயன் அதன் துகள் அளவைப் பொறுத்தது. துகள் மிகச் சிறியதாக இருந்தால்தான் நீரில் மிதந்து பரவி, தோலின்மேல் மெல்லிய படலமாகப் படியும்; பெரிய துகள் அடியில் தங்கிவிடும், அல்லது தோலை உராயும். அமெரிக்க மருந்துத் தரநூல் இந்த வகை மாவுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: 150 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டும் துகள்கள் 3 சதவீதத்துக்கு மேலும், 75 மைக்ரானைத் தாண்டுபவை 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது. சாதாரண மாவுச் சல்லடையின் கண்கள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. வீட்டில் அந்தத் தரத்தை அப்படியே எட்ட முடியாது என்றாலும், துணியால் அதை ஓரளவு நெருங்க முடியும்.

முதலில் மாவுச் சல்லடையில் சலித்து, உமி போன்ற பெரிய துகள்களைப் பிரித்துவிடுங்கள். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தின் வாயில் வேட்டித் துணியைச் சற்றுத் தொய்வாகக் கட்டி, இரண்டு கரண்டி மாவை அதன்மேல் போட்டு, உலர்ந்த கரண்டியின் அடிப்பாகத்தால் வட்டமாக மெதுவாகத் தேய்க்கவேண்டும். அழுத்தித் தேய்த்தால் பெரிய துகளும் இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள். இந்த மாவு காற்றில் பறக்கும், மூச்சில் போனால் இருமலைத் தரும்.

சல்லடையிலும் துணியிலும் தங்கியதைக் கொட்டிவிடக் கூடாது. அரிப்பையும் சிவப்பையும் தணிப்பதாக அறியப்படும் அவெனாந்த்ரமைடு என்னும் பொருள்கள் ஓட்ஸின் தவிட்டுப் பகுதியில்தான் அதிகம் செறிந்திருக்கின்றன; ஈரத்தைப் பிடித்துவைக்கும் பீட்டா-குளூக்கான் என்னும் நார்ச்சத்தும் வெளி அடுக்குகளில் மிகுதி. தங்கியதை எறிந்தால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் மாச்சத்து. எனவே அதை மீண்டும் ஜாரில் போட்டு அரைத்து, மறுபடியும் துணியில் இடவேண்டும். மூன்று சுற்று முடிந்தபின் மிஞ்சும் சிறிதளவைக் கஞ்சியில் போட்டுச் சாப்பிட்டுவிடலாம்.

6. குவளைச் சோதனை

மாவு தேறியதா என்பதைக் கையால் தொட்டு முடிவு செய்யவேண்டாம். 200 மி.லி. நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் ஒரு தேக்கரண்டி மாவைப் போட்டுக் கலக்குங்கள். நீர் முழுவதும் நீர்மோர்போல வெளுத்து, விரலை விட்டால் வழுவழுப்பாக இருக்கவேண்டும். பத்து நிமிடம் கழித்து அடியில் கொஞ்சம் வண்டல் தங்கலாம். மேலே நீர் கலங்கலாகவே நிற்கவேண்டும். மேல்நீர் தெளிந்து, அடியில் தடித்த படிவு இருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

தேறிய மாவை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, அரைத்த தேதியை எழுதி ஒட்டி, அடுப்பிலிருந்து தள்ளி இருட்டான அலமாரியில் வைக்கவேண்டும். கோடையில் நான் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறப்பேன், இல்லாவிட்டால் குளிர்ந்த மாவின்மேல் ஈரம் படிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட அளவை ஒரே தடவையில் அரைக்க வேண்டாம். பழைய எண்ணெய் நாற்றமோ கசப்போ வந்தால் அந்த மாவின் காலம் முடிந்துவிட்டது.

7. ஓட்ஸ் பால்

மாவு கைவந்த பிறகு இதற்கு வாருங்கள். இதற்கு அரைத்த மாவு வேண்டாம், முழு ரோல்டு ஓட்ஸே வேண்டும். 50 கிராம் ஓட்ஸைக் குளிர்ந்த, கொதித்து ஆறிய நீர் 250 மி.லி.யில் பத்து நிமிடம் ஊறவைத்து, மிக்ஸியில் இருபது விநாடி மட்டும் அடித்து, துணியில் பிழியாமல் தானாக வடியவிடவேண்டும்.

குளிர்ந்த நீர், குறைந்த நேரம் என்ற இரண்டுக்கும் ஒரே காரணம்தான். நீர் வெதுவெதுப்பாக இருந்து, அடிக்கும் நேரமும் நீண்டால் பீட்டா-குளூக்கான் அதிகமாகக் கரைந்து, பால் வெண்டைக்காய்ச் சாறுபோல இழுபடும். கோடை நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரே கையைச் சுடுகிறது; அந்த நேரத்தில் காய்ச்சிய நீரை மண்பானையில் ஊற்றியோ குளிரூட்டியோ எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பாலின் ஆயுள் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள். அறையில், வெயிற்காலத்தில், சில மணி நேரம்கூட நம்பக் கூடாது. காலையில் அரைத்த இட்லி மாவு பிற்பகலுக்குள் பொங்கிவிடும் ஊரில் ஓட்ஸ் பால் மட்டும் நிற்காது. மின்சாரம் நீண்ட நேரம் நின்ற நாளில் அதைக் கொட்டிவிடுங்கள். புளித்த வாடை வரவில்லை என்பதை வைத்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு, ஏனெனில் தோலில் தொற்று உண்டாக்கக்கூடிய கிருமிகள் எல்லாம் வாடையோடு வளர்வதில்லை.

8. ஓட்ஸ் கொழகொழப்புநீர்

பாலில் தவிர்த்த கொழகொழப்பை இங்கே வேண்டுமென்றே வரவழைக்கிறோம். 10 கிராம் நைஸ் மாவை முதலில் 50 மி.லி. குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதன்பின் 150 மி.லி. நீர் சேர்த்து, சிறு தீயில் கிளறியபடியே ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டவேண்டும். கொதிநீரில் நேரடியாக மாவைப் போட்டால் வெளிப்புறம் மட்டும் வெந்து, உள்ளே உலர்ந்த மாவு கட்டியாகச் சிக்கிக்கொள்ளும்.

ஆறிய கொழகொழப்புநீர் தலைமுடியின் வறண்ட நுனிகளுக்கும், நீண்ட நேரம் தண்ணீரில் வேலைசெய்து சொரசொரப்பான கைகளுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. இதுவும் இரண்டு நாள் பொருளே. கொதிக்கவைத்ததால் கெடாது என்று எண்ண வேண்டாம். கொதிநிலையையும் தாங்கும் வித்துகளைக் கொண்ட கிருமிகள் தானியங்களில் உண்டு. ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, நாளுக்கு ஒரு கட்டியாக எடுத்துக் கரைத்துக்கொள்வது நல்ல வழி. கரையும்போது நீர் தனியே பிரிந்தால் அது கெட்டதன் அறிகுறி அன்று, கலக்கிக்கொள்ளலாம்.

9. கிளிசரின் சாறு

நீர் சேர்ந்திருந்தும் மாதக்கணக்கில் நிற்கக்கூடியது இது ஒன்றுதான். கிளிசரின் மிகுந்த கலவையில் நீரின் பெரும்பகுதி கிளிசரினோடு பிணைந்துவிடுவதால், கிருமிகள் வளரப் போதிய நீர் கிடைப்பதில்லை. அதனால்தான் இங்கு எடை அளவு பிசகக் கூடாது.

மருந்துக் கடையில் ஐ.பி. (இந்திய மருந்துத் தரநூல்) என்ற குறியீடு உள்ள கிளிசரினை மட்டும் வாங்குங்கள். முத்திரையில்லாமல் சில்லறையாக ஊற்றித் தருவதை வாங்கவேண்டாம். 160 கிராம் கிளிசரினோடு 40 கிராம் கொதித்து ஆறிய நீரைக் கலந்து, அதில் ரவை பதத்துக்கு உடைத்த ஓட்ஸ் 40 கிராமைப் போடவேண்டும். இங்கு நைஸ் மாவைப் போடுபவர்கள் பிறகு வடிகட்ட முடியாமல் தவிக்கிறார்கள். ஏழு நாள் நிழலில் வைத்து, நாள்தோறும் ஒரு முறை குலுக்கி, பிறகு துணியில் இரவு முழுவதும் மூடியபடி வடியவிடுங்கள். ஓட்ஸ் ஒரு பங்கை உறிஞ்சிவிடுவதால் ஊற்றிய அளவு திரும்பக் கிடைக்காது.

இந்தச் சாற்றை அப்படியே பூசக் கூடாது. செறிந்த கிளிசரின் தோலின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, ஈரமான தோலில் பூசவேண்டும். நீர் கலந்த அந்த நொடியிலேயே கெடாத தன்மை போய்விடுகிறது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

10. எண்ணெயில் ஊறவைப்பதைப் பற்றி

ஓட்ஸைத் தேங்காய் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு ஓட்ஸ் எண்ணெய் என்று வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பீட்டா-குளூக்கான் எண்ணெயில் கரையாது. அவெனாந்த்ரமைடுகளும் நீர் கலந்த ஆல்கஹாலில் இறங்குவதுபோல எண்ணெயில் இறங்குவதில்லை. கடையில் விற்கும் உண்மையான ஓட்ஸ் எண்ணெய் வேறு முறைகளில் பிரித்தெடுக்கப்படுவது. ஆல்கஹால் என்றதும் கை கழுவும் சானிடைசரில் ஊறவைக்க எண்ணுபவர்கள் உண்டு. அது தோலை வறளச் செய்யும், வேண்டாம்.

எண்ணெயோடு சேர்க்க விரும்பினால் மாவையே களிம்பில் கலந்துவிடுவது பயனுள்ள வழி. தேங்காய் எண்ணெய் 70 கிராம், தேன்மெழுகு 20 கிராம் இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி, இறக்கி, கெட்டிப்படத் தொடங்கும்வரை காத்திருந்து 10 கிராம் நைஸ் மாவைக் கலக்கவேண்டும். சூடாக இருக்கும்போதே கலந்தால் மாவு அடியில் தங்கிவிடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் தானே உறைவதால் மெழுகு 15 கிராம் போதும். கத்திரி வெயிலில் 25 கிராம் வரை வேண்டியிருக்கும். மெழுகைக் கூட்டிக் குறைக்கும்போது அதே அளவு எண்ணெயைக் குறைத்தும் கூட்டியும் மொத்தத்தை 100 கிராமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைத் தேன் விற்பவர்களிடம் வாங்கும் மெழுகில் குப்பை இருக்கும், உருக்கி வடிகட்டிக்கொள்ளுங்கள். நீர் இல்லாததால் இக்களிம்பு நிற்கும். ஈரக்கையை விடாதவரைதான் அதுவும். பித்தவெடிப்புக்கு இரவில் பூசிக் காலுறை அணிந்து உறங்கலாம்.

11. தோலில் சோதித்தல்

ஓட்ஸ் மென்மையானது என்பதால் யாருக்கும் ஒவ்வாமை வராது என்பதில்லை. முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு குழைத்துப் பூசி, பத்து நிமிடத்தில் கழுவி, இரண்டு நாள் கவனிக்கவேண்டும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் மேலும் கவனமாக இருக்கவேண்டும், ஏனெனில் ஓட்ஸும் கோதுமையும் ஒரே ஆலையில் அரைபடுவது வழக்கம். கரப்பான் (எக்சிமா) உள்ள குழந்தைகளுக்கும், வெடித்து நீர் வடியும் தோலுக்கும் தோல் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.

12. பயன்படுத்தும் முறையும் சேர்க்கக் கூடாதவையும்

வெளிநாட்டு முறைகளில் குளியல்தொட்டியில் ஒரு கப் மாவைக் கரைத்துப் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்வார்கள். நம் வீடுகளில் வாளிக் குளியல்தான். ஒரு வாளி நீரில் மாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டால் தோலில் நிற்பதற்குள் வழிந்துவிடும். அதனால் இரண்டு மேசைக்கரண்டி மாவை வெதுவெதுப்பான நீரில் தோசைமாவு பதத்துக்குக் குழைத்து, குளிப்பதன் இறுதியில் உடலில் பூசி, பத்து நிமிடம் இருந்து, தேய்க்காமல் நீரூற்றிக் கழுவவேண்டும். துவட்டும்போது துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் எண்ணெயோ களிம்போ பூசினால்தான் உள்ளே சென்ற ஈரம் நிற்கும். குளியலறைத் தரை இதனால் கடுமையாக வழுக்கும். முதியவர்கள் முக்காலியில் அமர்ந்து பூசிக்கொள்ளட்டும். தரையை உடனே கழுவிவிடுங்கள்.

ஓட்ஸில் உள்ள, சோப்புபோல நுரைக்கும் சபோனின் என்னும் பொருள் அழுக்கை மெதுவாக நீக்குவதால், அன்றைக்குச் சோப்பு தேவையில்லை. பயத்தமாவோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். வாசனைக்காகப் பூலாங்கிழங்கும் பிறவும் சேர்ந்த நலங்குமாவை, அரிப்புள்ள தோலுக்குக் கலக்க வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு சேர்ப்பதுதான் நான் அடிக்கடி காணும் கேடான பழக்கம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் கடும் வெயில் பட்டால், தீப்புண்போல் சிவந்து கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கக்கூடும். வெயிலூர் என்றே அழைக்கப்படும் ஊரில் அதைச் செய்யவே கூடாது. சமையல் சோடா காரத்தன்மை உடையது, சருமமோ இயல்பில் சற்று அமிலத்தன்மை கொண்டது. எனவே அதுவும் வேண்டாம். வைட்டமின் ஈ மாத்திரையைப் பிழிந்து ஓட்ஸ் பாலில் விட்டால் பால் கெடாது என்று நம்புபவர்கள் பலர். அது எண்ணெய் சிக்கடிப்பதைத் தாமதப்படுத்தும். கிருமி வளர்வதைத் தடுக்காது. கடையில் வாங்கிய கிரீம் டப்பாவுக்குள் மாவைக் கொட்டிக் கலப்பதும் தவறு, ஏனெனில் அந்த கிரீமில் உள்ள, கெடாமல் காக்கும் பொருள் அதன் அளவுக்கு மட்டுமே கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டது. உள்ளங்கையில் அப்போதைக்கு வேண்டியதைக் கலந்து பூசிக்கொள்ளுங்கள்.

13. பிறருக்குக் கொடுக்கும்போது

உறவினருக்கோ தோழிக்கோ கொடுப்பதானால் மாவு, களிம்பு, நீர் கலக்காத கிளிசரின் சாறு ஆகிய மூன்றை மட்டும் கொடுங்கள். தயாரித்த தேதியையும், ஓட்ஸ் இருக்கிறது என்பதையும் பாட்டிலில் எழுதுங்கள். விற்க எண்ணும் சுய உதவிக் குழுக்கள், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் பெற்ற பிறகே விற்பனைக்குத் தயாரிக்கவேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்ததைச் சீட்டு ஒட்டி விற்பதை அந்த விதிகள் அனுமதிப்பதில்லை.